புதிதாக வீட்டுக்கல்வி தொடங்குவோர் முழுப் பாடத்தொகுப்பை வாங்கியே ஆக வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்?

முல்லைநிலம் (நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஏழு வயது நிறைந்துவிட்டது. இரண்டாம் வகுப்புக்குச் செல்ல வேண்டியவளை வரும் செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நானும் என் கணவரும் நெடுநாள் பேசி முடிவு செய்திருக்கிறோம். முடிவைச் சொன்னதும், எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். பெரும்பாலோர் கேட்டதோ, எந்தக் கரிக்குலம் (பாடத்தொகுப்பு) வாங்கியிருக்கிறீர்கள் என்பதைத்தான். இவ்வூர் வீட்டுக்கல்விக் குழுவின் தாய்மார்களும் அதையே கேட்கிறார்கள். சென்னையிலிருந்து பேசும் என் மாமியாரும், சிபிஎஸ்இ பாடமா அமெரிக்கப் பாடமா என்று தம் வழியில் அதையே கேட்கிறார்.

நான் பார்த்த தொகுப்புகளில் எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், பயிற்சி ஏடுகள், ஆசிரியர் கையேடு, எந்த நாளில் எதை நடத்த வேண்டும் என்ற அட்டவணை ஆகிய அனைத்தும் ஒரே பெட்டியில் வந்துவிடுகின்றன. விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டுகிறது. செலவைப் பற்றித் தயக்கம் உண்டு என்றாலும் என் கேள்வி அதைப் பற்றியதன்று. மகள் எதை எப்படிக் கற்கிறாள் என்பதை நானே இனிமேல்தான் அருகிலிருந்து கவனிக்கப் போகிறேன். அப்படியிருக்க, அடுத்த மே மாதத்தில் அவள் எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பாள் என்பதை இப்போதே தீர்மானித்துப் பணம் கட்டிவிட வேண்டும் என்ற நெருக்கடி எங்கிருந்து வருகிறது? சட்டம் அப்படிக் கேட்கிறதா, அனுபவம் உள்ளவர்கள் அதைத் தேவை என்று கண்டிருக்கிறார்களா, அல்லது அது நம் அச்சம் மட்டுமா? பல ஆண்டுகளாக வீட்டில் கற்பித்து வருபவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை (டெக்சாஸ்)

சட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகக் கணக்குக் கேட்கிறது. எங்கள் டெக்சாஸில் லீப்பர் வழக்கு என்று ஒன்று உண்டு. 1987-இல் கீழ் நீதிமன்றத்திலும், 1994-இல் மாநில உச்ச நீதிமன்றத்திலும் அது பெற்றோருக்குச் சாதகமாக முடிந்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றுக்கான பாடத்திட்டம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும், அதை மெய்யாகவே நடத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

புதிதாக வருபவர்கள் இதைக் கேள்விப்பட்டதும், ஏதாவது ஒரு நிறுவனத்தின் தொகுப்பை வாங்கி அதற்கான ரசீதை வைத்திருந்தால்தான் பாதுகாப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. அந்த எழுத்துப் பொருள் புத்தகமாக இருக்கலாம், பயிற்சி ஏடாக இருக்கலாம், கணினித் திரையில் தெரிவதாகவும் இருக்கலாம். எங்கிருந்து பெற்றதாகவும் இருக்கலாம். நூலகத்திலிருந்து எடுத்து வந்த வாசிப்பு நூல்களும், ஒரு கணிதப் புத்தகமும், நீங்களே எழுதி வைத்த எழுத்துக்கூட்டல் பட்டியலும் சேர்ந்தாலே அது பாடத்திட்டம்தான். உங்கள் மாநிலத்தைப் பற்றி அங்குள்ளவர்கள் சொல்லட்டும்.

செங்காந்தள் (நியூ ஜெர்சி)

நம் மாநிலத்தில் விதி மிக எளிது. 6 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பள்ளியில் படிக்க வேண்டும், அல்லது பள்ளிக்கு வெளியே அதற்கு இணையான கல்வியைப் பெற வேண்டும். பாடத்திட்டத்தை முன்கூட்டியே யாரிடமும் ஒப்புதலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை; ஆண்டுத் தேர்வும் கட்டாயமில்லை. உங்கள் மகள் இப்போது பள்ளியில் சேர்ந்திருப்பதால், அவளை விலக்கிக்கொள்வதாக ஒரு கடிதம் மட்டும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வராத நாள்களாகக் கணக்கு வைத்துவிடுவார்கள்.

1967-இல் வந்த மாசா வழக்கின் தீர்ப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த, ஆசிரியர் சான்றிதழ் எதுவும் இல்லாத ஒரு தாய், தம் மகளை வீட்டில் கற்பித்ததற்காக வழக்கைச் சந்தித்தார். கல்வி இணையாக இருக்கிறதா என்பதே கேள்வி என்று சொல்லி, நீதிபதி அந்தத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார். எனக்கு அதைப் படித்தபோது கிடைத்த துணிவு வேறு எங்கும் கிடைக்கவில்லை.

பனைநிழல் (பென்சில்வேனியா)

முல்லைநிலம் அம்மா, உங்கள் கேள்வி நான் நெடுங்காலமாக நினைத்து வருவது. என் பிள்ளைகள் இருவரும் வீட்டில் படித்துக் கல்லூரிக்குச் சென்றுவிட்டார்கள். இப்போது இந்தப் பகுதியில் புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்து வருகிறேன். அவர்களிடம் நான் காணும் பதற்றத்துக்குச் சட்டம் ஒரு சிறு காரணம்தான். மற்றக் காரணங்கள் ஆழமானவை. அவற்றுள் ஒன்று வரலாற்றில் இருக்கிறது.

இன்று நாம் அறியும் வீட்டுக்கல்வி இயக்கத்தைக் காட்டிலும் பாடத்தொகுப்பு மூத்தது. பால்டிமோர் நகரின் கால்வர்ட் பள்ளி 1897-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையாசிரியர் வர்ஜில் ஹில்யர், 1906-இலிருந்து பள்ளியின் பாடங்களை வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். அயல்நாடுகளில் பணியாற்றிய தூதரகக் குடும்பங்களும், சமயப் பணியாளர்களும், படைவீரர் குடும்பங்களும் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய தேவை தெளிவானது: பள்ளியே இல்லாத இடத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பும்போது, பிள்ளை அதே வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். பள்ளியை விட்டுப் பிரிந்திருக்கும் பிள்ளையைப் பள்ளிக்காகவே ஆயத்தம் செய்யும் கருவியாகத்தான் அந்தப் பெட்டி பிறந்தது.

அடுத்த அலை 1970-களின் தொடக்கத்தில் வந்தது. அக்காலத்தில் பெருகிய தனியார் கிறித்தவப் பள்ளிகளுக்காக ஏ.சி.இ., அபெக்கா, பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் போன்றவை பாடநூல்களை உருவாக்கின. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் முன்னால் நிற்க, இருபது பிள்ளைகள் வரிசையில் அமர்ந்திருப்பதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவற்றுள் பல. 1980-களில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பெருகியபோது, பாடநூல் பதிப்பகங்கள் பல தனிக் குடும்பங்களுக்கு விற்க மறுத்தன. விற்க முன்வந்த சிலரே அன்றைய பெற்றோருக்குத் துணை. அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் பாடத்தொகுப்பை நன்றியோடு நினைவுகூர்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பற்றாக்குறைக் காலத்தின் அறிவுரை, பற்றாக்குறை தீர்ந்த பின்னும் அப்படியே கைமாறி வருகிறது. இன்று நகராட்சி நூலகத்தில் கேட்டால் வேறு ஊர் நூலகங்களிலிருந்தும் புத்தகம் வரவழைத்துத் தருகிறார்கள். கோர் நாலெட்ஜ் அறக்கட்டளை தன் மொழி, வரலாறு, அறிவியல் பாடங்களை இலவசமாகப் பதிவிறக்கத் தருகிறது. கான் அகாடமி என்ற இலவச இணையப் பாடத்தளம் இருக்கிறது. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் முறையில் அமைந்த ஆம்பிள்சைட் ஆன்லைன் என்ற முழுமையான பாடத்திட்டமே விலையின்றிக் கிடைக்கிறது. இவை எல்லாம் இருந்தும் முதலில் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை.

வகுப்பறைக்காக எழுதிய நூலை வீட்டுக்குக் கொண்டுவருவதால் இன்னொன்றும் நேர்கிறது. வகுப்பறை நூலில் பயிற்சிப் பக்கங்கள் மிகுதி. ஆசிரியர் ஒரு குழுவுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றக் குழு அமைதியாக எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த நூலில் வாரத் தேர்வுகளும் உண்டு. இருபது பேரில் யாருக்குப் புரியவில்லை என்பதை வேறு வழியில் ஆசிரியரால் அறிய இயலாது. ஆண்டின் முதல் மாதம் முழுவதும் பழைய பாடத்தைத் திரும்பச் சொல்வதாக இருக்கும்; கோடை விடுமுறைக்குப் பின் வரும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர அது தேவை. வீட்டில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கு இவற்றில் எதுவும் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. புரிந்ததா இல்லையா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பின், ஒரு பக்கத்தை விட்டாலும் கடமையில் தவறியதுபோல் மனம் உறுத்துகிறது. காலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய படிப்பு பிற்பகல் வரை நீள்வதையும், தாயும் பிள்ளையும் கண்ணீரோடு எழுவதையும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பதை இப்போது சொல்கிறேன். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடும் நாளில், அதுவரை ஆசிரியர், தலைமையாசிரியர், கல்வித்துறை என்று பலர் பகிர்ந்துகொண்டிருந்த பொறுப்பு முழுவதும் இரண்டு பேர் தலையில் வந்து இறங்குகிறது. பெயர்பெற்ற ஒரு தொகுப்பை வாங்கும்போது அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியை வேறு யாரோ ஏற்றுக்கொண்டதுபோன்ற ஆறுதல் கிடைக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆறுதல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் கணிப்பு. மெட்ரிகுலேஷனா, ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா என்பதை வைத்தே பிள்ளையின் எதிர்காலத்தைக் கணித்த வீடுகளில் நாம் வளர்ந்தோம். பாடநூலின் பின்பக்கக் கேள்விகளை வரி பிசகாமல் எழுதி, மதிப்பெண் வாங்கி, கலந்தாய்வில் இடம்பிடித்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நம்மில் ஏராளம். பாடநூல்தான் நமக்கு வாழ்வு கொடுத்தது என்ற நினைப்பு நம் எலும்பில் இருக்கிறது. அதை விட்டுவிடு என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த நினைப்பு நம்முடையது, ஏழு வயது மகளின் தேவையிலிருந்து பிறந்ததன்று என்பதை மட்டும் பிரித்துப் பார்க்கும்படி சொல்வேன்.

வாங்கும் காலத்தையும் கவனியுங்கள். வீட்டுக்கல்வி மாநாடுகளும் தள்ளுபடி விற்பனைகளும் பெரும்பாலும் வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் நடைபெறுகின்றன. புதிய குடும்பங்கள் முடிவெடுக்கும் காலமும் அதுவே. ஆகவே தம் பிள்ளையோடு ஒரு பாடத்தைக்கூட நடத்திப் பார்க்காத, மிகக் குறைவாக அறிந்த நிலையில் இருக்கும்போதுதான் மிகப் பெரிய தொகையைச் செலவிடுகிறார்கள். எங்கள் பென்சில்வேனியாவில் 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி, கேட்டுக்கொண்டால் உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டமே தன் பாடநூல்களை வீட்டுக்கல்விக் குடும்பத்துக்கு இரவல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் குடும்பங்களை நான் அரிதாகவே காண்கிறேன். நூல் வேண்டும் என்பதுதான் தேவை என்றால், அத்தனை பேரும் அங்கேதானே முதலில் போயிருக்க வேண்டும்?

மலைத்தேன் (ஒஹாயோ)

இதுவரை எழுதியவர்களை மதிக்கிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் இரவுப்பணி செய்யும் செவிலியர். மூன்று பிள்ளைகளையும் முழுப் பாடத்தொகுப்பு கொண்டே கற்பிக்கிறேன். காலையில் வீடு திரும்பிச் சில மணி நேரம் உறங்கி எழுந்ததும், இன்று எந்தப் பக்கம் என்று திறந்து பார்த்தால் எழுதியிருக்கிறது. நூலகப் பட்டியலில் தேடி, இலவசப் பாடங்களைப் பதிவிறக்கி, அச்சிட்டு, வரிசைப்படுத்தி வைக்க எனக்கு நேரம் இல்லை. இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்லும்போது, அதைத் தேடித் தொகுக்கும் தாயின் உழைப்பை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. அந்த உழைப்பை நான் பணம் கொடுத்து வாங்குகிறேன். அதில் அச்சம் எதுவும் இல்லை.

இன்னொன்று. என் இரண்டாவது மகனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு. அவனைச் சுற்றிப் புத்தகங்கள் நிறைந்திருந்தன. நாள்தோறும் படித்துக் காட்டினோம். ஆனாலும் எழுத்து அவனுக்குக் கைவரவில்லை. ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையில், ஒலியிலிருந்து எழுத்துக்கும் எழுத்திலிருந்து சொல்லுக்கும் ஒரு படியும் தாவாமல் செல்லும் வாசிப்புப் பாடம் ஒன்றை வாங்கி, அதில் சொன்னபடியே நடத்திய பிறகுதான் அவன் வாசித்தான். தானாக மலரும் என்று காத்திருந்தால் அவனுக்கு அநீதி செய்திருப்போம். தொகுப்பு வாங்கும் தாயை அஞ்சி வாங்குபவள் என்றே எப்போதும் பேசினால், அதுவும் புதியவர்கள் மேல் ஏற்றும் ஒரு நெருக்கடிதான். வாங்கியதைச் சொல்லவே தயங்கும் தாய்மார்களை நான் அறிவேன்.

முல்லைநிலம் (நியூ ஜெர்சி)

மலைத்தேன் அக்கா, நீங்கள் எழுதியதைக் கணவரிடமும் படித்துக் காட்டினேன். மிக்க நன்றி. என் நிலைமை சற்று வேறு. சார்பு விசாவில் இருப்பதால் நான் வேலைக்குச் செல்லவில்லை; நேரம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உறவினர் யாரும் இல்லை. யாராவது ஒருவர் கதவைத் தட்டி, உன் மகளுக்கு என்ன கற்பிக்கிறாய் என்று கேட்டால் எதைக் காட்டுவது என்ற எண்ணம் இரவில் வருகிறது. பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம் என்று தோன்றுவது உண்மை. செங்காந்தள் சொன்ன தீர்ப்பை வாசித்த பிறகு அந்த எண்ணம் குறைந்திருக்கிறது. ஆனாலும் கணிதத்தை நினைத்தால் துணிவு வருவதில்லை.

நெய்தல் (கலிபோர்னியா)

பணம் வரும் வழியும் இந்த நெருக்கடியை உண்டாக்குகிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். இங்கே பல குடும்பங்கள் வீட்டிலிருந்தே படிக்க அனுமதிக்கும் சார்ட்டர் பள்ளிகளில் (அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் இயங்கும் பள்ளிகள்) பெயரைப் பதிந்துகொள்கின்றன. சட்டத்தின் பார்வையில் அப்பிள்ளைகள் அரசுப் பள்ளி மாணவர்களே. பாடப் பொருள்களுக்கென்று ஒரு தொகையைப் பள்ளி ஒதுக்கும்; ஆனால் அதைப் பள்ளி ஏற்றுக்கொண்ட விற்பனையாளர்களிடம் மட்டுமே செலவிட முடியும். அரிசோனாவில் 2022-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்ட, கல்விச் செலவுக்கு அரசு பணம் தரும் கல்விக் கணக்குத் திட்டத்திலும், கணக்கில் உள்ள பணம் அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்கு மட்டுமே. தொகுப்பு என்றால் ஒரே விலைச்சீட்டில் வேலை முடிந்துவிடும். நூலகப் புத்தகத்துக்கு விலைச்சீட்டு கிடையாது. குளக்கரையில் பறவை பார்ப்பதற்கும் கிடையாது. செலவழிக்காத தொகை வீணாகிவிடுமோ என்று நினைக்கும் எந்தப் பெற்றோரும், விலைச்சீட்டு உள்ளவற்றின் பக்கமே சாய்வது இயல்பு.

காணொளிகளிலும் வலைப்பக்கங்களிலும் பாடத்தொகுப்புகளை மதிப்பிட்டு எழுதுபவர்களில் பலர், அவர்கள் கொடுத்த இணைப்பின் வழியாக நாம் வாங்கினால் ஒரு பங்கு பெறுகிறார்கள். அதனால் அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் மனமார எழுதுகிறார்கள். ஆனால் இந்த ஆண்டு எதையும் வாங்காமல் இருங்கள் என்று எழுதினால் யாருக்கும் பங்கு வராது. ஆகவே அந்த அறிவுரை நம் கண்ணில் படுவது மிக அரிதாகிறது. 2020-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் 5.4 விழுக்காடாக இருந்த வீட்டுக்கல்விக் குடும்பங்கள், அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடாக உயர்ந்ததாக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை கண்டறிந்தது. திட்டமிட நேரமே இல்லாமல் அத்தனை குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்தபோது, உடனே கையில் கிடைத்தது பெட்டிதான். நாம் இன்று கேட்கும் அறிவுரைகளில் பல அந்த அவசர காலத்தில் தொடங்கியவர்களிடமிருந்து வருபவை.

பனைநிழல் (பென்சில்வேனியா)

மலைத்தேன், நீங்கள் சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். உங்கள் மகனுக்கு அந்த வாசிப்புப் பாடம் மருந்து. அவனிடம் என்ன குறை என்று அறிந்து, அதற்கென்றே வாங்கினீர்கள். நான் கவலைப்படுவது, பிள்ளையை அறிவதற்கு முன்பே எல்லாப் பாடங்களையும் ஒன்றாக வாங்குவதைப் பற்றி.

பாடங்களும் ஒரே இயல்பின அல்ல. வாசிக்கக் கற்பதும் கணிதமும் படிப்படியாக ஏற வேண்டியவை. ஒரு படி விடுபட்டால் அடுத்த படியில் கால் நிற்காது. அவற்றுக்கு நல்ல நூல் ஒன்றை வாங்குவதில் தயக்கமே வேண்டாம். வரலாறும் அறிவியலும் அப்படியல்ல. எகிப்திலிருந்து தொடங்கினாலும் சரி, சோழர்களிலிருந்து தொடங்கினாலும் சரி, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. வகுப்புவாரியாகத் தொகுத்த பெட்டிகளை வாங்கினால், ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று வெவ்வேறு வரலாறுகளையும் மூன்று வெவ்வேறு அறிவியல்களையும் படிக்க, தாய் மூன்றுக்கும் இடையே ஓடுகிறார். மூவருக்கும் சேர்த்து ஒரே நூலை உரக்கப் படித்துக் காட்டி, மூத்தவனை எழுதவும் இளையவளை வரையவும் சொல்வது உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும். உங்கள் வீட்டில் இப்போதைய ஏற்பாடு நன்றாக நடக்கிறது என்றால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

மலைத்தேன் (ஒஹாயோ)

வரலாற்றை மட்டும் அடுத்த ஆண்டு மூவருக்கும் சேர்த்து நடத்திப் பார்க்கிறேன். கணிதமும் வாசிப்பும் இப்போது உள்ளபடியே தொடரும்.

குறிஞ்சிச்சாரல் (இல்லினாய்ஸ்)

முல்லைநிலம் தோழி, கணித அச்சம் பற்றி எழுதியிருந்தீர்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த எல். பி. பெனசெட் என்பவர் 1929-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். சில வகுப்பறைகளில் முறையான எண்கணிதப் பாடத்தை ஆறாம் வகுப்பு வரை தள்ளிவைத்தார். அந்தப் பிள்ளைகள் மணி பார்த்தார்கள், நீளம் அளந்தார்கள், மதிப்பிட்டுப் பழகினார்கள், படித்ததையும் கண்டதையும் பற்றி நிறையப் பேசினார்கள். வாய்பாடும் வழிமுறைக் கணக்கும் மட்டும் இல்லை. ஆறாம் வகுப்பில் தொடங்கியபோது, ஓராண்டுக்குள் அவர்கள் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடித்துவிட்டார்கள் என்று அவர் 1935-இல் எழுதினார். இதில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைகளைத்தான் அவர் இதற்குத் தேர்ந்தெடுத்தார். மற்றப் பெற்றோர் எதிர்ப்பார்கள், இவர்கள் எதிர்க்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தச் செயல் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தப் பிள்ளைகள் காட்டிய முடிவு, இரண்டாம் வகுப்பில் ஒரு மாதம் பிந்தினால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தை என்னிடமிருந்து போக்கியது. ஆறாம் வகுப்பு வரை கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனுக்கு நான் நாள்தோறும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று தமிழ். அமெரிக்கப் பாடத்தொகுப்பு எதிலும் தமிழுக்கு இடமில்லை. நாள் முழுவதும் அதன் அட்டவணைப்படி ஓடினால், மாலையில் பிள்ளையும் தாயும் களைத்துப்போகிறார்கள். முதலில் கைவிடப்படுவது தமிழ்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெரும் தொண்டு செய்கின்றன, ஆனால் வாரத்துக்குச் சில மணி நேரத்தில் ஒரு மொழி வளர்ந்துவிடாது. வீட்டில் கற்பிப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வாய்ப்பு, காலை நேரத்தை, பிள்ளையின் மனம் தெளிவாக இருக்கும் நேரத்தை, தமிழுக்குக் கொடுக்க முடிவதே. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் நிறைய உள்ளன. முழுத் தொகுப்பை வாங்கும் முன், அதன் அட்டவணையில் தமிழை எந்த மணிக்கு வைப்பீர்கள் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள்.

செங்காந்தள் (நியூ ஜெர்சி)

குறிஞ்சிச்சாரல் சொன்னதை எங்கள் வீட்டில் கண்கூடாகப் பார்க்கிறேன். காலையில் தமிழ் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் மகன் தானாகத் தமிழ்க் கதை எடுத்துப் படிக்கத் தொடங்கினான். ஒரு கேள்வி: நாளை இந்தியா திரும்ப நேர்ந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்ற கவலையால்தான் எங்கள் உறவினர் ஒருவர் முழுத் தொகுப்பை வாங்கி வைத்திருக்கிறார். அதற்கு என்ன சொல்வது?

வைகைக்கரை (டெக்சாஸ்)

அந்தக் கவலைக்குப் பெட்டி மருந்தாகாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேராத 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. தனியார் பள்ளிகள் தாமாக ஒரு தேர்வு வைத்துப் பார்க்கலாம். அதில் பிள்ளைக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதைத்தான் பார்ப்பார்கள், எந்த அமெரிக்கப் பதிப்பகத்தின் நூல் என்று கேட்க மாட்டார்கள். 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அதற்கான பாடநூல்களை அந்நிறுவனமே தருகிறது. திரும்பிச் செல்லும் எண்ணம் உறுதியாக இருந்தால், என்சிஇஆர்டி கணித நூலை இணையத்திலிருந்து எடுத்து, உரிய வயதில் ஒருமுறை நடத்திவிடுவது போதுமானது.

ஆடிப்பெருக்கு (நியூயார்க்)

கடுமையான விதிகள் உள்ள மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆண்டுதோறும் பள்ளி மாவட்டத்துக்குக் கற்பித்தல் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் ஆறு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணி நேரம், அதற்குமேல் 990 மணி நேரம் கற்பித்திருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கையும் உண்டு. பட்டியலைப் பார்த்ததுமே பலர் தொகுப்பு வாங்க ஓடுகிறார்கள். ஆனால் விதியை வரிக்கு வரி படித்தால், பாடத்திட்டக் குறிப்பு, பாடப்பொருள்கள், பாடநூல்கள், அல்லது கற்பிக்கும் திட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பிட்டால் போதும் என்றுதான் இருக்கிறது. அறிவியலுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: தாவர வளர்ச்சி, வானிலை, எளிய எந்திரங்கள் ஆகியவை நூலக நூல்கள், வீட்டுத் தோட்டம், அருங்காட்சியகம் ஆகியவற்றின் வழியாகக் கற்பிக்கப்படும். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆண்டு இறுதியில் தேர்வுக்குப் பதிலாக எழுத்து வடிவிலான மதிப்பீட்டையும் ஏற்கிறார்கள். கூடுதலாக ஒன்று: திட்டத்தில் சொன்னதில் 80 விழுக்காட்டுக்குக் குறைவாக ஒரு காலாண்டில் முடித்திருந்தால் காரணம் எழுத வேண்டும். பெரிய தொகுப்பின் பெயரை எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சுமை மிகுதி.

முல்லைநிலம் (நியூ ஜெர்சி)

அனைவருக்கும் நன்றி. இப்போதைக்குக் கணித நூல் ஒன்றை மட்டும் வாங்குவது, காலையில் தமிழ், மற்றவை நூலகத்திலிருந்து என்று தீர்மானித்திருக்கிறோம். பனைநிழல் ஐயா, அந்தக் கணித நூலில் எந்த நிலையை வாங்குவது என்பதை எப்படி அறிவது? இரண்டாம் வகுப்பு என்று அச்சிட்டிருப்பதையே வாங்கலாமா?

பனைநிழல் (பென்சில்வேனியா)

வேண்டாம் அம்மா. கணித நூல் வெளியிடும் பதிப்பகங்கள் பல, நிலையறியும் தேர்வுகளைத் தம் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. நீங்கள் நினைக்கும் நிலைக்கு ஒரு படி கீழே உள்ள தேர்விலிருந்து தொடங்குங்கள். நேரம் குறிக்காதீர்கள், ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். விடை சரியா என்பதோடு, எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை அவள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். விரல்விட்டு எண்ணுகிறாளா, பத்தாகச் சேர்த்துப் பார்க்கிறாளா, மனத்தில் இருந்ததை ஒப்பிக்கிறாளா என்பது அப்போதுதான் தெரியும். எளிதாகச் செய்வதை நிறுத்தி, யோசிக்கத் தொடங்கும் இடம் எதுவோ அந்த நிலை நூலை வாங்குங்கள். அட்டையில் ஒன்றாம் வகுப்பு என்று இருந்தாலும், மூன்றாம் வகுப்பு என்று இருந்தாலும் அதையே வாங்குங்கள். ஆசிரியர் கையேட்டையும் சேர்த்து வாங்குவது நல்லது. பயிற்சி ஏட்டில் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த பக்கங்களைத் தாண்டிச் செல்லுங்கள். அக்டோபர் இறுதியில் மீண்டும் எழுதுங்கள்; அடுத்து எதுவும் தேவைப்படுகிறதா என்று அப்போது பார்க்கலாம்.